அளந்து கொடுத்தவன்

சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் எங்கள் வலங்கைமான் பள்ளிவாசலில் ஹவுளுக்கருகே அமர்ந்திருந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சம்பளம், வெயில், விமானக் கட்டணம் என்று எதையெதையோ பேசினார். அவர் கேட்க வந்தது இதுவன்று என்பது எனக்குப் புரிந்தது. காத்திருந்தேன். கடைசியில் தலையைக் குனிந்தபடியே கேட்டார்: "மாமா, எட்டு மாசமா நான் தொடலை. இனிமே எப்பவாவது அளவா எடுத்துக்கிட்டா, திரும்பவும் பழைய மாதிரி ஆயிடுமா?"

எதைத் தொடவில்லை என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. மார்க்கத்தின் விடை அவருக்குத் தெரியாததன்று. நம் வீட்டுப் பிள்ளைகளில் அதை அறியாதவர் எவருமிலர். எதை அதிகம் அருந்தினால் போதை வருமோ அதில் சிறிதளவும் ஹராம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்துச் சென்றதை மதரஸா நாட்களிலேயே கேட்டு வளர்ந்தவர் அவர். ஆகுமா ஆகாதா என்று கேட்க அவர் வரவில்லை. முடியுமா முடியாதா என்று கேட்கவே வந்திருந்தார். முதல் கேள்விக்கு ஹஜ்ரத்திடம் போகலாம். இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டு நம் வீடுகளில் எவரிடமும் போக முடிவதில்லை. "அதெல்லாம் நம்ம வீட்டுல கிடையாது" என்பதே நாம் கற்றிருக்கும் பதில்.

ஊரில் எத்தனையோ பெரியவர்கள் இருக்க, அவர் என்னைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். எங்கள் குடும்பக் கதை அரைகுறையாக ஊரில் உலவுவது எனக்குத் தெரியும். அதை நானே முழுமையாக எழுதிவிடுகிறேன். என் லாத்தாவின் சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறேன். "எளுது, ஒரு வீட்டுக்காவது ஒதவட்டும்" என்றார்கள்.

லாத்தாவின் கணவர், என் மச்சான், நல்ல மனிதர். குடிகாரரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். என்ன செய்வது, அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டு ஊர் ஊராகச் சாராயக் கடைகள் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தாறு. அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கின் நிழலிலேயே வளர்ந்த தலைமுறை அது. குடி என்பதை வேலியின் மறுபுறத்துப் பொருளாக மட்டுமே அறிந்திருந்தது. வேலி திடீரென்று எடுக்கப்பட்டது. 1974இல் மீண்டும் போடப்பட்டது. 1981இல் மீண்டும் எடுக்கப்பட்டது. இடையில், மருத்துவச் சான்று காட்டி 'பர்மிட்' பெற்று அளவாகக் குடிக்கும் ஏற்பாடும் இருந்தது. அரசாங்கமே இந்த 'அளவாக' என்னும் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

மச்சான் 1978இல் சிங்கப்பூர் போனார். பதினேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது காலையில் எழுந்ததும் கை நடுங்கும் நிலையில் இருந்தார். ஒரு வாய் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ரமலான் பிறை தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுவார். முதல் நான்கைந்து நோன்புகள் வியர்த்துக் கொட்டும், உறக்கம் வராது, பிறகு சரியாகிவிடும். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் பழையபடி தொடங்குவார். "நோன்புல நிறுத்துறாருல்ல, அடிமையா இருந்தா நிறுத்த முடியுமா?" என்று நாங்கள் எங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அந்த ஆறுதலில் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. இன்றும் பல வீடுகளில் இதே வாக்கியம் சொல்லப்படுவதை நான் கேட்கிறேன். நிறுத்த முடிவது ஒரு திறமை, அளவோடு இருக்க முடிவது வேறொரு திறமை, இரண்டும் ஒன்றல்ல என்பதை நாங்கள் அப்போது அறியவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் ஏறத்தாழ இவ்வளவே.

2000ஆம் ஆண்டில் ஒரு நாள் இரத்த வாந்தி எடுத்தார். கும்பகோணத்து மருத்துவர் ஒருவர் காப்பாற்றினார். சில நாட்கள் மருந்து கொடுத்து நடுக்கத்தைத் தணித்து, "இனி ஒரு துளியும் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். மச்சானும் அப்படியே இருந்தார். ஒரு வருடமல்ல, நாலு வருடம்! தொழுகையில் முதல் வரிசைக்கு வந்தார். 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகளின் நிக்காஹ் நடந்தது. ராஜகிரியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அவர் நிமிர்ந்து நின்றதைக் கண்டு லாத்தா அடுப்பங்கரையில் அழுதார்கள்.

அந்தக் கல்யாணம் முடிந்து சில வாரங்களில்தான் அவர் என் கடைக்கு வந்தார். நான் மளிகை வியாபாரி. அத்தாவின் காலம் முதல் தராசும் படியுமே எங்கள் பிழைப்பு. அளவில் குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் குர்ஆனில் வந்திருக்கும் எச்சரிக்கையை அத்தா வாரம் தவறாமல் எங்களுக்கு நினைவூட்டுவார்கள். ஆகவே அளவு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மச்சான் மடியிலிருந்து ஓர் ஆங்கில இதழின் கத்தரிப்பை எடுத்து வைத்தார். சிங்கப்பூர்ப் பெட்டியின் அடியில் பல ஆண்டுகள் கிடந்து மஞ்சளேறியிருந்த தாள். அமெரிக்காவில் ஆட்ரி கிஷ்லைன் என்ற பெண்மணி 1994இல் தொடங்கிய ஓர் அமைப்பைப் பற்றிய செய்தி அது. குடியால் தொல்லைப்பட்டவர்கள் அடியோடு விடத் தேவையில்லை, கணக்கு வைத்துக்கொண்டு அளவாகக் குடிக்கக் கற்கலாம் என்பது அந்த அமைப்பின் வழி. மச்சான் அதை எனக்குப் படித்துப் பொருள் சொன்னார். பிறகு சொன்னார்: "நாலு வருசம் நான் தொடலை தம்பி. தொடாம இருக்கத் தெரிஞ்சவனுக்கு அளவாத் தொடத் தெரியாதா? ராத்திரில தூக்கமில்லை. வேறெங்கயாவது போயி மானம் கெட்டுக் குடிக்கிறதுக்கு, நீயே உன் கையால அளந்து குடு. நீ குடுக்கிறதுக்கு மேல கேட்டா என்னைச் செருப்பால அடி."

எனக்கு எதிர்வாதம் தோன்றவில்லை. இரண்டு தீமைகளில் ஒன்றைத் தவிர்க்க முடியாதென்றால் சிறியதை ஏற்கலாம் என்று சட்ட நூல்களில் ஒரு விதி உண்டென்பதைப் பயான்களில் கேட்டிருக்கிறேன். அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு என் மனச்சான்றுக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். அவர் எப்படியும் குடிக்கத்தான் போகிறார். தெருவில் அரைப் புட்டி குடிப்பதைவிட என் கண்முன்னே ஒரு குவளை மேலல்லவா?

கடையில் வேலை பார்த்த ஒருவரை அனுப்பிக் கால் புட்டி பிராந்தி வாங்கி வரச் செய்தேன். தொழுகையாளியான முதலாளி இதை வாங்கி வரச் சொன்னபோது அந்த இந்துச் சகோதரர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. வெல்ல மூட்டைகளுக்குப் பின்னால் அதை மறைத்து வைத்தேன். பிள்ளைகளுக்கு இருமல் மருந்து கொடுக்கும் முப்பது மில்லி பிளாஸ்டிக் குவளையால் இரண்டு அளவை. மஃரிபுக்குப் பின், கிடங்கின் உள்ளறையில். நாளொன்றுக்கு அறுபது மில்லி. மூன்று நாளுக்கு ஒரு கால் புட்டி. கடைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு இழுத்தேன். மது தடுக்கப்பட்ட செய்தி கேட்டு மதீனாவின் தெருக்களில் அது ஆறாக ஓடும்படி சஹாபாக்கள் கொட்டிய வரலாற்றைப் படித்தவன் நான். அதே கையால் துளி சிந்தாமல் ஊற்றினேன்.

முதல் இரண்டு வாரங்கள் எல்லாம் சரியாகவே நடந்தன. மச்சான் குடித்துவிட்டு ஏலக்காயை மென்றபடி வீட்டுக்குப் போய் உறங்கினார். எனக்கு உள்ளூரப் பெருமை.

அதன் பின் நடந்ததை விளக்குவது கடினம். ஏனென்றால் வெளியில் எதுவும் மாறவில்லை. அளவு மாறவில்லை. மனிதர் மாறினார். முதலில் மஃரிபுக்குச் சற்று முன் வந்துகொண்டிருந்தவர், பிறகு அஸர் தொழுதுவிட்டு நேராகக் கடைக்கு வந்து உட்காரத் தொடங்கினார். பிறகு லுஹருக்கே வந்தார். பேசமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், தெருவைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். வாடிக்கையாளர் யாராவது நின்று பேசிக்கொண்டிருந்தால் அவருடைய கால் ஆடத் தொடங்கும். நான்கு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருந்த காலத்தில் அவர் அதை மறந்தே போயிருந்தார். பேரப்பிள்ளையைப் பற்றியும் குடமுருட்டியில் தண்ணீர் வந்ததா என்பதைப் பற்றியும் பேசினார். இப்போது குடித்தது கொஞ்சம். ஆனால் நாள் முழுவதும் நினைத்தது அதை மட்டுமே. அறுபது மில்லி அவருடைய இருபத்து நான்கு மணி நேரத்தையும் விழுங்கிவிட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் கோடு இழுத்தேன்.

நாற்பத்தொரு கோடுகள். பதினான்கு கால் புட்டிகள். நாற்பத்திரண்டாம் நாள் லாத்தா அரிசிக் குதிருக்குள் கைவிட்டபோது வேறு புட்டிகள் கிடைத்தன. என் அளவுக்கு மேல் அவர் மூன்று வாரங்களாகவே குடித்துவந்திருக்கிறார். என் குவளை அவருக்கு ஒரு மறைப்பு மட்டுமே. "தம்பி அளந்து குடுத்ததுதானே, அந்த வாடைதான்" என்று லாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். லாத்தாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி ஒரே இரகசியத்தை மூன்று இடங்களில் மறைத்து வைத்திருந்தோம்.

கோபத்தில் நான் இரண்டாவது தவற்றைச் செய்தேன். வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். அவரை மாடி அறையில் விட்டு வெளியே தாழிட்டேன். "நோன்புல நிறுத்தினவருதானே, கெடக்கட்டும்" என்றேன். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரத்தம் வழியக் கிடந்தவரை வாடகைக் காரில் ஏற்றிக் கும்பகோணம் கொண்டு போனோம். மூன்றாம் நாள் சுவரில் எறும்புகள் ஊர்வதாகவும் மௌத்தாகிப்போன தம் அத்தா கட்டிலருகே நிற்பதாகவும் பேசினார். பழைய மருத்துவரே பார்த்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அது இன்னும் வேதனையாக இருந்தது. நீண்ட நாள் குடித்த உடலில் நரம்புகள் மதுவின் அமுக்கத்துக்குப் பழகி, அதை எதிர்த்து முறுக்கேறியே இருக்கும் என்றும், அமுக்கும் கையைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு நடுக்கமாகவும் வலிப்பாகவும் சித்தப்பிரமையாகவும் வெடிக்கும் என்றும், சில வேளை அது உயிரையே கொண்டுபோய்விடும் என்றும் சொன்னார். ஆகவே காலையில் கை நடுங்கும் அளவுக்குப் போனவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தக் கூடாது; மருத்துவரின் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும்.

நான் அவரிடம் கேட்டேன்: "நாலு வருசம் சுத்தமா இருந்தவருக்கு ஆறே வாரத்துல எப்படி டாக்டர்?" முதல் தடவை இந்த நிலையை அடைய அவருக்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், இரண்டாம் தடவை அவ்வளவு காலம் தேவைப்படாது, உடல் அந்தப் பாதையை மறப்பதில்லை என்றார். கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1976இலேயே குடிச்சார்பின் அடையாளங்களுள் ஒன்றாக இதைக் குறித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் பேத்தி கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துத் தந்து விளக்கினாள். மச்சான் காட்டிய கத்தரிப்பின் மறுபாதி அப்போதுதான் தெரியவந்தது. அந்த ஆட்ரி கிஷ்லைன், 2000ஆம் ஆண்டு ஜனவரியில், அளவு வழி தமக்குப் பயன்படவில்லை, இனி முற்றிலும் விட முயல்கிறேன் என்று தம் அமைப்பினருக்கு அறிவித்திருக்கிறார். இரண்டு மாதங்களில், மார்ச்சில், கடும் போதையில் நெடுஞ்சாலையில் எதிர்த் திசையில் வண்டியை ஓட்டி, ஒரு தந்தையையும் அவருடைய பன்னிரண்டு வயது மகளையும் கொன்று சிறை சென்றார். மச்சான் என் கடையில் அந்தத் தாளை விரித்தபோது இதெல்லாம் நடந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் இருவருக்கும் தெரியாது. நியாயமாகச் சொல்வதென்றால், அந்த அமைப்பே தன் வழி முற்றிய குடிச்சார்பு உடையவர்களுக்கு அன்று என்று கூறிவந்திருக்கிறது. அந்த வரி மச்சானின் கத்தரிப்பில் இல்லை. இருந்தாலும் அவர் எனக்குப் படித்துக் காட்டியிருக்கமாட்டார்.

இந்த விவாதம் மேலை நாட்டில் மூண்டதே ஒரு சிறிய கட்டுரையால்தான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டேவிஸ் என்னும் மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களில் 93 பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் ஏழு பேர் இயல்பான அளவில் குடிப்பவர்களாகிவிட்டனர் என்று 1962இல் எழுதினார். ஒருமுறை அடிமையானவன் ஒரு துளியும் தொடக் கூடாது என்பதே அதுவரை எங்கும் கொள்கையாக இருந்ததால் பெரும் பரபரப்பு எழுந்தது. பல ஆண்டுகள் கழித்து, முன்பு சொன்ன எட்வர்ட்ஸ் அந்த ஏழு பேரின் பிற்கால வாழ்க்கையைத் தேடிப் போய் 1985இல் வெளியிட்டார். ஏழில் ஐவருக்கு, டேவிஸ் கவனித்ததாகச் சொன்ன காலத்திலும் சரி, அதற்குப் பின்னரும் சரி, குடியால் கடும் தொல்லைகள் இருந்திருக்கின்றன. தொல்லையின்றி அளவாகக் குடித்தவர் இருவர். அவர்களிலும் ஒருவர் தொடக்கத்திலேயே கடுமையான சார்புக்கு ஆட்பட்டவரல்லர். டேவிஸ் பொய் சொல்லவில்லை. அந்த ஐவரும் தம் மருத்துவரிடம், என் மச்சான் என்னிடம் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கதையை இத்தோடு முடித்தால் நான் மறுபடியும் அளவில் குறைத்தவனாவேன். எதிர்ப்பக்கத்துத் தட்டிலும் எடை இருக்கிறது. அமெரிக்காவில் 2001, 2002 ஆண்டுகளில் பெரும் கணக்கெடுப்பு ஒன்று நடத்தி, முன்பு எப்போதோ குடிச்சார்பில் இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அப்போதைய நிலையைப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் முற்றிலும் விட்டிருந்தார்கள். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் ஆபத்தில்லாத சிறு அளவில் குடித்துக்கொண்டு தொல்லையில்லாமல் இருந்தார்கள். ஆகவே 'எவராலும் முடியாது' என்று சொல்வது உண்மையாகாது. முடிகிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் இலேசாகச் சிக்கியவர்களாகவும் காலை நடுக்கம் வரை போகாதவர்களாகவும் இருக்கிறார்கள். பேத்தி இதைப் படித்துச் சொன்னபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அடுத்த பக்கத்தையும் படித்தாள். மூன்று ஆண்டுகள் கழித்து, தொல்லை நீங்கி நலமாக இருந்தவர்களை மீண்டும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். முற்றிலும் விட்டிருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத் தொல்லை திரும்பியிருந்தது. சிறு அளவில் குடித்தவர்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு. தொல்லையில்லாமல் ஆனால் கூடுதலாகக் குடித்துவந்தவர்களில் பாதிப் பேருக்கு.

ஏழுக்கும் இருபத்தேழுக்கும் உள்ள இடைவெளியில் எந்தப் பக்கம் தாம் நிற்கிறோம் என்பது முன்கூட்டி எவருக்கும் தெரிவதில்லை. முதல் குவளைக்குப் பிறகே தெரிகிறது. அப்போது அதைச் சோதித்துச் சொல்ல வேண்டிய மூளைக்குள்ளேயே அது போயிருக்கிறது. தராசின் தட்டில் எதை வைத்தாலும் நிறுத்துவிடலாம். முள்ளின் மேலேயே வைத்தால் எப்படி நிறுப்பது?

எங்கள் தெருவில் தச்சுவேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார், இந்து. அவரும் ஒரு காலத்தில் குடியில் மூழ்கி, கிராமத்து முகாம் ஒன்றில் சிகிச்சை பெற்று மீண்டவர். இந்த முகாம் முறைக்கு நம் பகுதியோடு நெருங்கிய தொடர்பு உண்டென்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், நகரத்து மருத்துவமனைக்கு வர வசதியில்லாத உழைப்பாளிகளை அவர்கள் ஊருக்கே சென்று குணப்படுத்த முனைந்தார். குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தி, அந்த அனுபவத்தை 1994இல் 'அடிக்ஷன்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார். நம் பக்கத்து ஊரின் பெயர் அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கிறது. ஊராரே இடம் கொடுத்து உதவ, மனைவிமாரையும் உறவினரையும் கூட்டி வைத்துப் பேசி, திரும்பிப் போன பிறகும் தொடர்ந்து கவனிக்கும் முறை. அங்கே சொல்லப்படுவது 'அளவாக' என்பதன்று, 'முற்றிலும்' என்பதே.

தச்சு நண்பரிடம் நான் ஒருமுறை மனம்விட்டுக் கேட்டேன், அளவாகக் குடித்துப் பார்க்கும் ஆசை வந்ததில்லையா என்று. வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி எடுப்பார்கள். கொடிய நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் பிணம்போல் படுத்து ஊர்வலம் வருவது இவ்வூர் வழக்கம். நண்பரும் ஈரல் நோயிலிருந்து எழுந்த ஆண்டு முதல் எடுத்துவருகிறார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வருசத்துல ஒரு நாள் பாடையில படுக்கிறேன் பாய், போதாதா?" பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "ஆசை வரும். ஆனா குடிக்காம இருக்கிறது ஒரே ஒரு முடிவு பாய். காலைல எடுத்தா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. அளவாக் குடிக்கிறவன் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முடிவு எடுக்கணும். என்னால அத்தனை முடிவு எடுக்க முடியாது." மச்சான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாற்பத்தொரு நாட்களையும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கவில்லை.

ஃபத்வா விஷயத்துக்கும் ஒரு விடை கிடைத்தது. மச்சான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, குற்றவுணர்ச்சி தாங்காமல், ஆலிம் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இரண்டு தீமைகளில் சிறியதைத் தேர்ந்தெடுப்பது, மூன்றாவது வழி இல்லாதபோதல்லவா? அவர் நாலு வருஷமாக மூன்றாவது வழியில்தானே நடந்துகொண்டிருந்தார்?" மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை, முதலில் அதன் தீமை பயனைவிடப் பெரிது என்று உணர்த்தி, பின்னர் போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று கட்டுப்படுத்தி, அதன் பிறகே முற்றிலும் விலக்கியது குர்ஆன் என்பதை நினைவூட்டினார். "ஒருவரைப் படிப்படியாக இறக்கிக் கொண்டுவரலாம். கீழே இறங்கி நிற்பவரை மறுபடி முதல் படியில் ஏற்றிவிட்டு, படிப்படியாக இறங்கச் சொல்லக் கூடாது" என்றார். கூடவே, மருத்துவரிடம் போக வேண்டியதை ஓதிப் பார்க்க வந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

மச்சான் அந்த ஆண்டு ரமலானுக்கு முன்பே நிறுத்தினார். பெருநாளுக்குப் பிறகு தொடங்கவில்லை. மருத்துவர் சொன்ன மாத்திரைகளை லாத்தா கையால் வாங்கி விழுங்கினார். உறக்கமின்மைக்கு வேறு மருந்து கிடைத்தது. அதை முன்பே கேட்டிருந்தால் என் கடைக்கு வந்திருக்கவே மாட்டார். நாங்களும் மாறினோம். வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லப் பழகினோம். "இன்னிக்கு நெனப்பு வந்துச்சு" என்று அவர் மகள் முன்னிலையில் சொல்லும் நாளும் வந்தது. ராஜகிரிச் சம்பந்தி அதைக் கேட்டுவிட்டு, தம் தம்பியைப் பற்றி என்னிடம் தனியே விசாரித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்து, 2016இல் நெஞ்சு வலியில் மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

குறிப்பேட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஹவுளருகே வந்து கேட்ட இளைஞரை மறுநாள் கடைக்கு வரச் சொல்லி அதைத்தான் முதலில் காட்டினேன். நாற்பத்தொரு கோடுகளையும் அவர் விரலால் எண்ணினார். "இதெல்லாம் ஒரே அளவா மாமா?" என்று கேட்டார். ஆம், ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவில்லை என்றேன். நாற்பத்தொன்றுக்குப் பின் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். காலையில் உங்களுக்குக் கை நடுங்கியதுண்டா என்று நான் கேட்டதற்கு, வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே, கடைசி ஒரு வருசம்" என்றார். உம்மாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்றார், பிறகு, தெரிந்திருக்கும் என்றார்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் இருவரும் கும்பகோணம் போனோம். பழைய மருத்துவர் இப்போது இல்லை; அவருடைய மகன் பார்க்கிறார். அவர் உள்ளே போன பிறகு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்ததும் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள் என்றார். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக.